இல்லையா, வேண்டாமா?

தோட்டங்களில் சம்பளம் போடுகிற பத்தாந் திகதியை ஒட்டிக் கண்டி நகரத்து ஏ.டி.எம். கூடுகளின் முன்னால் வரிசை நீளும். அப்படியொரு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தெல்தோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர். தமிழைத் தெரிவுசெய்தார், இரகசிய இலக்கத்தை அழுத்தினார். ஐயாயிரத்துக்குப் பதிலாக ஒரு சுழியம் கூட விழுந்துவிட்டது. பதறிச் சிவப்பை அமுக்கினார். பச்சையை அமுக்கினால் காசு, சிவப்பை அமுக்கினால் காட் வெளியே வரும் என்று மகன் சொல்லிக் கொடுத்திருந்தானாம். அன்றைக்குக் காட் வரவில்லை. ஒரு கேள்வி வந்தது: கொடுக்கல் வாங்கலை இரத்துச் செய்வதை உறுதிப்படுத்தவும். கீழே ஒரு மூலையில் ‘உறுதிப்படுத்தவும்’, மறு மூலையில் ‘இரத்துச் செய்யவும்’.

“என்னா தம்பி கேக்குது இது? வேணாங்கிறதுக்கு எதை அமுக்குறது?”

நானும் இரண்டு தரம் வாசித்தேன். இரத்துச் செய்ய வேண்டுமென்றால் ‘உறுதிப்படுத்தவும்’. இரத்துச் செய்ய வேண்டாமென்றால் ‘இரத்துச் செய்யவும்’. இதை நான் விளங்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்து, இயந்திரம் காட்டைத் துப்பிவிட்டது. “காசு போயிடுச்சா தம்பி?” என்று கேட்டார் அவர்.

இப்படிக் கணினியும் போனும் ஏ.டி.எம்.மும் நம்மை மறித்துக் கேட்கும் கேள்விகள் ஏன் இவ்வளவு குழப்புகின்றன? இது உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாகப் பேசப்படும் விடயம்தான். ஆனால் தமிழில் அந்தக் குழப்பம் இன்னொரு மடங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் மடங்கைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

பொதுக்கதையிலிருந்து தொடங்குவோம். ஆப்பிள் நிறுவனம் லிசா என்ற கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த 1980ஆம் ஆண்டளவில், கேள்விப் பெட்டியில் ‘டூ இட்’, அதாவது ‘செய்’, என்று ஒரு பட்டன் இருந்தது. சோதித்துப் பார்க்க வந்த சிலர் அதை அமுக்கத் தயங்கினார்கள். இரண்டு சொல்லுக்கும் நடுவே இடைவெளி குறைந்து ‘டோல்ட்’ என்று, அதாவது மடையன் என்று, அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே ‘ஓகே’ வந்தது. யாரையும் புண்படுத்தாத, எதையும் சொல்லாத சொல். அன்று தொடங்கிய ‘ஓகே – கேன்சல்’ ஜோடி இன்றுவரை நம்மை விட்டபாடில்லை.

அந்த ஜோடியின் முதற் குறை, பட்டனை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்று தெரியாது என்பது. கேள்வியை வாசிக்க வேண்டும், மனிதர்கள் வாசிப்பதில்லை. அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளைப் படம் எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எச்சரிக்கையை இரண்டாம் தரம் காணும்போதே அதைப் பார்க்கும் மூளைப் பகுதியின் உழைப்பு சட்டென்று விழுந்துவிடுகிறது. ஆகவே இது சோம்பேறித்தனம் அல்ல, உடம்பின் இயல்பு. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா தொட்டதற்கெல்லாம் அனுமதி கேட்டு மக்களைச் சலிக்க வைத்ததும், 2009இல் விண்டோஸ் 7 அந்தக் கேள்விகளைக் குறைத்துக்கொண்டதும் இதனால்தான். கணினி இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ராஸ்கின் 2000இல் வெளிவந்த தன் நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார்: பழகிய கை ‘ஆம்’ என்பதையும் சேர்த்தே அமுக்கிவிடும், எனவே உறுதி கேட்பதே வீண், செய்ததைத் திரும்பப் பெற வழி செய்யுங்கள் என்றார்.

இடம் மாறும் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் ‘ஓகே’ இடப்பக்கம், மாக் கணினியில் வலப்பக்கம். 2002இல் லினக்ஸ் கணினிகளின் திரைமுகமான க்னோம் 2, மாக் வழிக்கு மாறியது. ஆண்ட்ராய்டு 2011இல் தன் நான்காம் பதிப்போடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியது. பகலில் அலுவலகத்தில் விண்டோஸையும் பஸ்ஸில் போனையும் தட்டுகிற கண்டிவாசியின் விரல் இரண்டு ஒழுங்குகளைச் சுமந்துகொண்டு திரிகிறது.

இரண்டு பெரிய விபத்துகள் இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன. ஒன்றில் நம் அயலாருக்கும் பங்குண்டு. 2020 ஓகஸ்ட் 11இல் சிட்டி வங்கி, ரெவ்லோன் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 இலட்சம் டொலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. போனதோ ஏறத்தாழ 89 கோடி டொலர். ஃப்ளெக்ஸ்கியூப் என்ற மென்பொருளில் கடனின் அசல் தொகையை வங்கிக்குள்ளேயே நிறுத்தி வைக்க மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும்; ஒன்றில் மட்டும் இட்டார்கள். பதிந்தவரும் சரிபார்த்தவரும் இந்தியாவிலிருந்து பணியாற்றிய ஒப்பந்த ஊழியர்கள். இறுதி அனுமதி தந்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. மூன்று சோடிக் கண்கள். எச்சரிக்கையும் வந்தது: காசு வங்கிக்கு வெளியே போகும், தொடரவா? வட்டி வெளியே போகத்தானே வேண்டும்? எனவே தொடர்ந்தார்கள். எவ்வளவு போகும் என்பதை மட்டும் அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. சுமார் 50 கோடி டொலரைத் திருப்பித்தர மறுத்தவர்கள் 2021இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில் சிட்டி வென்றது. ஒரு தொகையை அந்தக் கேள்வியில் எழுதியிருந்தால் இரண்டு ஆண்டு வழக்கு மிச்சம்.

மற்றது ஹவாய். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு, ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல என்று மாநிலம் முழுக்கப் போன்கள் அலறின. மறுப்பு வர 38 நிமிடம் ஆனது. அங்கேயும் மென்பொருள் “அனுப்புவது நிச்சயமா?” என்று கேட்டிருக்கிறது, ஒத்திகைக்கும் மெய்யான எச்சரிக்கைக்கும் ஒரே வாசகம். பிறகு விசாரணையில் தெரிந்தது, அனுப்பிய ஊழியர் ஒத்திகையை மெய்யென்றே நம்பியிருந்தார் என்பது. அவர் நிச்சயமாகத்தான் இருந்தார். பிழை செய்கிறவன் அந்த நொடியில் எப்போதும் நிச்சயமாகவே இருப்பான். அவனிடம் போய் நிச்சயமா என்று கேட்பதில் என்ன பயன்?

இனித் தமிழுக்கு வருவோம்.

இலங்கையில் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. கண்டி மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ நான்கில் மூவர் சிங்களவர். மீதிப்பேரில் அநேகர் தமிழ் பேசுவோர். அக்குறணை, கம்பளை முஸ்லிம்களும், தெல்தோட்டை, கலஹா மலையகத் தமிழரும், மஹியாவைக் குடியிருப்பாரும் ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள். திரைகள் மூன்று மொழியில் வருகின்றன. ஆனால் மூன்றிலும் யோசிக்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் யோசித்த கேள்வி, சரம் சரமாக வெட்டப்பட்டு, எங்கே வரப்போகிறது என்று தெரியாத ஒருவரிடம் மொழிபெயர்ப்புக்குப் போகிறது. அவர் ‘நோ’ என்ற ஒற்றைச் சொல்லைக் காண்கிறார். ‘இல்லை’ என்று எழுதுகிறார்.

இங்கேதான் முதற் சிக்கல். தமிழில் ‘நோ’ ஒன்றல்ல. இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, மாட்டேன் எல்லாம் வேறு வேறு. “பற்றுச்சீட்டு வேண்டுமா?” என்றால் “வேண்டாம்” என்போம். “இன்னொரு கொடுக்கல் வாங்கல் செய்யவா?” என்பதற்கு ‘இல்லை’ என்று ஒரு பட்டன் நிற்கும்போது, எதுவோ கையிருப்பில் இல்லை என்று இயந்திரம் அறிவிப்பது போல இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிங்களத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘நெஹெ’ வேறு, ‘எபா’ வேறு. தலதா வீதியில் கீரை விற்பவரிடம் ‘நெஹெ’ என்றால் என்னிடம் காசு இல்லை என்றும் ஆகலாம். ‘எபா’ என்றால் சங்கதி முடிந்தது. இந்த ஊரில் பேசப்படும் இரண்டு மொழிகளும் பிரித்து வைத்திருப்பதை, பிரிக்காத மூன்றாம் மொழியிலிருந்து வாங்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

இரண்டாவது, எதிர்மறைக் கேள்வி. “சேமிக்காமல் வெளியேறவா?” “செய்தி அனுப்பப்படவில்லை, சரியா?” என்ற வகை. “சாப்பிடலையா?” என்று கேட்டால், “ஆமா, இன்னும் சாப்பிடல” என்பவரும் உண்டு, “இல்ல, சாப்பிடல” என்பவரும் உண்டு. இரண்டும் தமிழில் சரி. வாயால் பேசும்போது பின்னால் வரும் வினைச்சொல் காப்பாற்றிவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மொட்டையாக நிற்கும் இரண்டு பட்டன்களில் அந்த வினை கிடையாது. ஆகவே எதிர்மறையில் கேட்டுவிட்டு ஆம்–இல்லை என்று பதில் வைப்பதை, தமிழ்த் திரைகளில் அறவே நிறுத்த வேண்டும் என்பேன்.

மூன்றாவது நுட்பமானது, ஏ.டி.எம். முன்னால் நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. பட்டனில் இருக்கும் சொல் யாருடைய பேச்சு? ‘சேமி’ என்றால் நான் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. ‘இலக்கத்தை உள்ளிடவும்’ என்றால் இயந்திரம் என்னைக் கேட்கும் கோரிக்கை. ‘வரிசையில் நிற்கவும்’ என்ற பலகைத் தமிழ் அது. ‘உறுதிப்படுத்தவும்’ என்று பட்டனில் எழுதினால், அது பட்டனாகவே தெரியாது, அறிவித்தலாகத் தெரியும். அந்த அம்மா கண்ணால் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்: உறுதிப்படுத்தச் சொல்லுகிறது, சரி, எங்கே அமுக்கி உறுதிப்படுத்துவது? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வினையின் வடிவம் ஒன்றே. வேறுபாடு அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நமக்குத் தெரிய வேண்டும். மரியாதை குறைந்துவிடுமோ என்று ‘-வும்’ போடுகிறார்கள். இயந்திரத்துக்கு எதற்கு மரியாதை? பட்டனில் ‘அனுப்பு’ என்றே இருக்கட்டும். மேலே கேள்வியில் மனிதரை ‘நீங்கள்’ என்று விளித்தால் போதும்.

நான்காவது இடப் பஞ்சம். தமிழ்ச் சொல் நீளம், பட்டன் குறுகல், மீதி மூன்று புள்ளியாகிவிடும். தமிழில் மறுப்பு சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. ‘அனுப்பு’, ‘அனுப்பாதே’ இரண்டையும் பாதியில் வெட்டினால் மிஞ்சுவது ஒன்றுதான். எது போனாலும் பரவாயில்லை, இது போகக்கூடாது என்கிற துண்டுதான் முதலில் போகிறது. இதோடு ‘நீக்கு’, ‘நீங்கு’ என்ற இரட்டையரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கோப்பை அழிக்கும், மற்றது செயலியை விட்டு வெளியேற்றும். சின்னத் திரையில், கண்ணாடி இல்லாமல், ஓர் எழுத்துதான் வித்தியாசம். வெளியேறுவதற்கு ‘வெளியேறு’ என்றே எழுதிவிடலாம்.

கடைசியாக, “நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?” என்ற வாசகம். “ஆர் யூ ஷுவர்?” என்பதன் நேர்ப்பிரதி. தமிழில் இது கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது போல ஒலிக்கிறது. ஒரு பழைய புகைப்படத்தை அழிப்பதற்கு இவ்வளவு வைராக்கியம் தேவையா?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அறிந்தவன் கேட்பது, அறியாதவன் கேட்பது, பாம்பா கயிறா என்று ஐயுற்றவன் கேட்பது, வாங்க வந்தவன் கேட்பது, கொடுக்க இருப்பவன் கேட்பது, ஏவுவதற்காகக் கேட்பது. திரையின் “நிச்சயமா?” இந்த ஆறில் எதில் சேரும் என்று யோசித்துப் பார்த்தேன். இயந்திரத்துக்கு ஐயமும் இல்லை, அறியாமையும் இல்லை. நாளைக்கு ஏதும் நடந்தால், “கேட்டேனே, நீங்கள்தானே ஆம் என்றீர்கள்” என்று சொல்வதற்காகக் கேட்கிறது. பழி கைமாற்றும் வினா என்று ஏழாவதாக ஒன்றைச் சேர்க்க முனிவர் அனுமதிப்பாரோ தெரியவில்லை.

ஆனால் விடைக்கான வழியும் நம் பேச்சிலேயே இருக்கிறது. தமிழர் பெரும்பாலும் ஆம் இல்லை என்று பதில் சொல்வதில்லை. கேள்வியின் வினையையே திருப்பிச் சொல்கிறோம். “வந்தாயா?” “வந்தேன்.” “ஊத்தவா?” “ஊத்துங்க.” “போடவா?” “போடாதீங்க.” பட்டனில் ‘ஓகே’ எழுதாதீர்கள், நடக்கப்போகும் வினையை எழுதுங்கள் என்று ஆப்பிளும் மைக்ரோசொஃப்டும் தங்கள் வழிகாட்டிகளில் எழுதியது, ‘ஓகே’யால் பட்டு அறிந்த பிறகுதான். நமக்கு அது நாக்கிலேயே இருந்தது. “இந்தப் படத்தை அழித்துவிடவா? அழித்தால் திரும்ப எடுக்க முடியாது.” கீழே ‘அழி’, ‘இருக்கட்டும்’. ‘இருக்கட்டும்’ என்பது எவ்வளவு நல்ல சொல்! மறுப்பும் ஆகிறது, பொருள் பத்திரமாக இருக்கும் என்ற உறுதியும் ஆகிறது. எந்தத் திரையிலும் நான் இதுவரை அதைக் கண்டதில்லை.

நேருக்கு நேர் பேசும்போது நாம் எப்படி உறுதி கேட்கிறோம் என்பதையும் கவனிக்கலாம். பஸ்ஸில் கண்டக்டர் “நிச்சயமாகக் கம்பளைக்குத்தானா?” என்று எவரையும் கேட்பதில்லை. “கம்பளை ரெண்டு” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே மீதிக்காசைத் தருகிறார். பிழையென்றால் நாம் திருத்துவோம். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கிலோவை உரக்கச் சொல்லித்தான் பதிவார்கள்; கொழுந்துக்காரி காதால் கேட்டுச் சரிபார்க்கிறாள். காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் தொகையை எழுதி ‘மட்டும்’ என்று கோடிழுப்பதும் அதே கதை. இவற்றில் எதுவும் ஆளின் உறுதியைச் சோதிப்பதில்லை, விடயத்தைத் திருப்பிக் காட்டுகிறது. சிட்டி வங்கித் திரையில் இல்லாமல் போனது இதுதான்.

கேட்கவே தேவையில்லாமல் செய்வது இன்னும் மேல். பல ஏ.டி.எம்.கள் காட்டைத் தந்த பிறகே காசைத் தருகின்றன. காட்டை மறந்துவிடாதீர்கள் என்று ஆயிரம் முறை எழுதுவதைவிட அந்த வரிசைமாற்றம் வலிமையானது. ஜிமெயில் 2009இல் பரீட்சார்த்தமாகவும் 2015இல் முறைப்படியும் அனுப்பிய கடிதத்தைச் சில நொடிக்குள் திரும்ப எடுக்கும் வசதி தந்தது. வாட்ஸ்அப், ‘எல்லோரிடமிருந்தும்’ என்பதற்குப் பதிலாக ‘என்னிடமிருந்து மட்டும்’ அழித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்களுக்காக, 2022 டிசெம்பரில் ஐந்து நொடி அவகாசம் கொடுத்தது. திரும்ப எடுக்க முடியாததற்கு மட்டும் தடை கனமாக இருக்கலாம்: மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை அழிக்க அதன் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். கை பழகி அமுக்க முடியாது. வங்கிப் பரிமாற்றத்துக்கு இது பொருந்துமா என்றால், பெரிய தொகைக்கு மட்டும் பொருந்தும். தினசரி ரீலோட்டுக்குக் கேட்டால் போனைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

தெரியாமல் குழப்புவது ஒன்று, வேண்டுமென்றே குழப்புவது இன்னொன்று. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் தந்திரக் கேள்வியும், வேண்டாம் என்பவரைக் குற்றவுணர்வுக்கு ஆளாக்கும் வாசகமும் அடங்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்றால் விளங்கித் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. விளங்காத தமிழில் வாங்கிய ‘ஆம்’ அந்தச் சட்டத்தின் முன் சம்மதம் ஆகுமா என்பது, எவரும் ஒருநாள் நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்வி. யு.பி.ஐ. என்ற போன்வழிப் பணப் பரிமாற்ற முறையில் காசு வாங்குவதாக நினைத்து இரகசிய இலக்கத்தை அழுத்திக் காசைப் பறிகொடுத்தவர்கள் இந்தியாவில் ஏராளம். வாசகத்தைத் திருத்தித் தீராது என்று கண்டுதான், ஆளுக்கு ஆள் காசு கேட்கும் அந்த வசதியையே 2025 ஒக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள்.

அந்தப் பத்தாந் திகதிக்குப் பிறகு ஏ.டி.எம். கேள்வியை நான் ஒரு தாளில் திருத்தி எழுதினேன். “50,000 ரூபா எடுப்பதை நிறுத்தவா?” கீழே ‘நிறுத்து’, ‘காசை எடு’. கேள்வியைக் கையால் மூடிக்கொண்டு பட்டனை மட்டும் காட்டினாலும் விளங்குகிறதா என்பதுதான் என் பரீட்சை. மாதிரித் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலைந்து பேரிடம் காட்டினேன். எல்லோருக்கும் விளங்கியது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கலஹா பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சரிங்க தம்பி, நிறுத்தியாச்சு. கணக்குல காசு கொறைஞ்சிருக்குமா, அப்படியே இருக்குமா?”

அந்த அம்மா கேட்டதும் இதுதான். வீட்டுக்கு வந்து மூன்றாவது வரியாகச் சேர்த்தேன்: உங்கள் கணக்கிலிருந்து இன்னும் காசு எடுக்கப்படவில்லை.